பாஸ்புக்கில் வரும் நெஃப்ட், யூபிஐ, ஏசிஎச்: இவை என்ன?

கம்பத்தில் காய்கறி லோடு ஏற்றிவிட்டு, குமுளிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வியாபாரியின் பணத்துக்குக் காத்திருப்பவர்கள் பலருக்கும் பாஸ்புக் வரியில் உள்ள எழுத்துகள் புரிவதில்லை.

பணம் எந்த வழியில் வந்தது, போனது என்பதற்கான அடையாளம்தான் அது. வங்கிகளுக்கு இடையே பல வழிகள் இருப்பதால் இப்படிக் குறிக்கிறார்கள். நெஃப்ட் என்பது நேரம் பார்த்துக் கிளம்பும் குமுளி பஸ் மாதிரி. அரை மணிக்கு ஒரு தடவை, சேர்ந்த பணமெல்லாம் தொகுப்பாகப் போகும். ஐஎம்பிஎஸ்ஸும் யூபிஐயும் ஆள் ஏறியதும் கிளம்பும் ஜீப், பணம் உடனே போகும். ஆர்டிஜிஎஸ் பெரிய தொகைக்கான வழி, 2 லட்சம் ரூபாயிலிருந்துதான். சிஆர் என்றால் வரவு, டிஆர் என்றால் பற்று, அதாவது கணக்கிலிருந்து போன பணம்.

ஏசிஎச் டிஆர் என்றிருந்தால் நின்று பாருங்கள். கடன் தவணை, காப்பீடு என நீங்கள் எப்போதோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்புதலின்படி தானாகப் பிடிக்கும் பணம் அது. ஒப்புதல் கொடுத்த நினைவே இல்லையென்றால் உடனே வங்கியில் கேளுங்கள்.

வரியில் உள்ள பரிவர்த்தனை எண்ணும் முக்கியம். யூபிஐக்கு அது 12 இலக்கம். அனுப்பிவிட்டேன் என்று வியாபாரி சொன்னால் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, உங்கள் கணக்கில் வரவு வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி அடுத்த லோடை விட வேண்டாம்.

அப்புறம், இந்த எண்ணைச் சொன்னால் பணத்தை எடுத்துவிடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். அது பரிவர்த்தனையைத் தேட உதவும் எண் மட்டுமே, யாரிடமும் சொல்லக்கூடாதவை பின் நம்பர், ஓடிபி, பாஸ்வேர்டு போன்றவை.