சிக்னல்ல நின்னா ஏசி வழியா ஆயில் கருகுற வாடை: எஞ்சினை இறக்கித்தான் ஆகணுமா?

பொள்ளாச்சி பக்கத்துலேர்ந்து ஒரு டீச்சர் எழுதியிருக்காங்க. புரோக்கர் மூலமா 2014 மாடல் சின்ன பெட்ரோல் கார் ஒண்ணு வாங்கி ரெண்டு மாசம் ஆகுது, 1000 சிசி, மீட்டர்ல 68,000 காட்டுதாம். வாங்குறப்போ எஞ்சின் பளபளன்னு இருந்துச்சாம். இப்போ ஸ்கூல் போய் வர்றப்போ சிக்னல்லயும் ரயில்வே கேட்டுலயும் நின்னா ஏசி வழியா எண்ணெய் கருகுற வாடை வருதாம், ஓடுறப்போ தெரியலையாம். சைலன்சர்ல புகை இல்ல. அதே புரோக்கர் காட்டின மெக்கானிக், ஒரு ஸ்பார்க் பிளக்கை கழட்டி எண்ணெயா இருக்கறதை காட்டி, எஞ்சினுக்குள்ள பிஸ்டனை சுத்தி இருக்கற ரிங் போயிடுச்சு, எஞ்சினை இறக்கணும், 35,000 ஆகும்னு சொல்லிட்டாராம். "அண்ணா, என்ன பண்றது, ராத்திரி தூக்கமே இல்ல"ன்னு கேட்டிருக்காங்க.

டீச்சர், முதல்ல தூங்குங்க. நீங்க எழுதியிருக்கறத வச்சு பாத்தா இது எஞ்சினுக்குள்ள எரியற ஆயில் இல்ல, எஞ்சினுக்கு வெளிய கசிஞ்சு சூடான சைலன்சர் பைப்பு மேல விழுந்து கருகுற ஆயில். ரெண்டும் வேற வேற. உள்ள எரிஞ்சா பின்னாடி நீலமா புகை வரும், காலைல ஸ்டார்ட் பண்றப்போ நல்லா தெரியும், பின்னாடி வர்றவனுக்குத்தான் வாடை அடிக்கும், உங்களுக்கு இல்ல. உங்களுக்கு வாடை வண்டிக்குள்ள வருது, அதுவும் நின்னா மட்டும் வருது. ஓடுறப்போ காத்து அடிச்சு புகையை கீழ இழுத்துட்டு போயிடும், நின்னா அது மேல எழும்பி வைப்பர் கிட்ட இருக்கற ஓட்டை வழியா ஏசிக்குள்ள போகும், அவ்வளவுதான்.

இத நீங்களே ஒரு நிமிஷத்துல பாத்துக்கலாம். ஏசி பட்டன் பக்கத்துல கார் படத்துக்குள்ள அம்பு வளைஞ்சு நிக்கிற மாதிரி ஒரு பட்டனோ லீவரோ இருக்கும், அதை போட்டா வெளிக்காத்து உள்ள வராது. அடுத்த தடவை வாடை வர்றப்போ அதை போட்டு பாருங்க, கொஞ்ச நேரத்துல வாடை குறைஞ்சா பானெட்டுக்குள்ளதான் விஷயம். பழைய பேப்பர் எரியற மாதிரி வாடைன்னா அது கிளட்ச், இனிப்பா வந்தா ரேடியேட்டர் கூலன்ட், பிளாஸ்டிக் கவர் எரியற மாதிரின்னா ரோட்டுல கெடந்த பை சைலன்சர்ல ஒட்டியிருக்கும். வயர் எரியற வாடைன்னா மட்டும் வண்டியை ஓரம் கட்டி ஆஃப் பண்ணிட்டு இறங்கிடுங்க.

இப்போ அந்த பிளக் விஷயம். எனக்கு கோவம் வர்ற இடமே இதுதான். இந்த வேலைல 28 வருஷமா இருக்கேன், இந்த ஒரு பிளக்கை காட்டி எத்தனை பேரோட எஞ்சினை அநியாயமா இறக்கியிருக்காங்கன்னு எனக்கு தெரியும். பல சின்ன கார் எஞ்சின்ல பிளக்கு ஒரு குழிக்குள்ள ஆழமா உக்காந்திருக்கும், அந்த குழியை சுத்தி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அந்த ரப்பர் சூட்டுல இறுகி போனா எஞ்சினை மேல மூடியிருக்கற டேப்பட் கவருக்குள்ள இருக்கற ஆயில் குழிக்குள்ள இறங்கி நிக்கும், பிளக்கை கழட்டுனா வெளிப்பக்கம் பூரா எண்ணெயாத்தான் வரும். இதுக்கும் ரிங்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பிளக்கை கைல வாங்கி நுனியை பாருங்க டீச்சர், நெருப்பு வர்ற அந்த சின்ன கம்பி இருக்கற பக்கம். மேல வெள்ளை பீங்கானும் மரையும் மட்டும் எண்ணெயா இருந்து நுனி காஞ்சு லேசான பிரவுன் கலர்ல இருந்தா எஞ்சின் நல்லா இருக்கு. நுனியே கருப்பா ஈரமா பிசுபிசுன்னு இருந்தாத்தான் ரிங்கையோ, மேலேர்ந்து ஆயில் உள்ள இறங்காம தடுக்கற வால்வு சீலையோ சந்தேகப்படணும். அப்பவும் நேரா இறக்கக்கூடாது, சிலிண்டருக்குள்ள அழுத்தம் எவ்வளவுன்னு காட்டற கம்ப்ரஷன் கேஜ் போட்டு மூணு சிலிண்டர் ரீடிங்கையும் பேப்பர்ல எழுதி குடுங்கன்னு கேளுங்க. மூணும் கம்பெனி சொல்ற அளவுக்கு குறையாம, கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா ரிங் தேஞ்சிருக்க வாய்ப்பு குறைவு. கேஜ் இல்லன்னு ஒரு மெக்கானிக் சொன்னா அவரு எஞ்சினை இறக்கணும்னு சொல்றதுக்கு என்ன ஆதாரம் வச்சிருக்காருன்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு.

புரோக்கர் காட்டின அந்த பளபளப்பும் ஒரு வேலைதான். விக்கிறதுக்கு முந்தின நாள் டீசலோ மண்ணெண்ணெயோ போட்டு எஞ்சினை கழுவி, மேல ஷைனிங் ஸ்பிரே அடிச்சு, ஆயில் கறை எதுவும் தெரியாம பண்ணிடுவாங்க, லீக்கு அப்படியேதான் இருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடுன பின்னாடி மறுபடி ஈரம் கட்ட ஆரம்பிக்கும், அதுக்குள்ள பணம் கைமாறி பேரு மாத்தற ஃபார்ம் 29, 30 எல்லாம் கையெழுத்து ஆகியிருக்கும். ஆர்டிஓ ஆபீஸ்ல பேரு மாத்துறப்போ பேப்பர் சரியா இருக்கா, இன்சூரன்ஸ் இருக்கா, பொல்யூஷன் சர்டிஃபிகேட் இருக்கான்னுதான் கேப்பாங்க. பொல்யூஷன் எடுக்கற இடத்துல சைலன்சர்ல குழாயை விட்டு பாக்கறதோட சரி. ஆயில் வடிஞ்சு சூடான பைப்பு மேல விழுற வண்டிக்கும் அழகா சர்டிஃபிகேட் வந்துடுது, வாங்கற மனுஷன் உயிரை பத்தி எந்த கவுன்டர்லயும் யாரும் கேக்கறதில்ல. இன்சூரன்ஸும் இதுக்கு தராது, தேய்மானம்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க. பழைய வண்டி வாங்கறவங்க கழுவாத எஞ்சினை கேட்டு வாங்குங்க, தூசியா இருந்தா இருக்கட்டும், தூசி பொய் சொல்லாது.

சரி, லீக்கை எப்படி கண்டுபிடிக்கறது. எஞ்சின் நல்லா ஆறின பின்னாடி காலைல டார்ச் எடுத்துக்குங்க, ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பர் எடுத்துக்குங்க. ஆயில் ஊத்தற மூடி இருக்கே, அது எந்த கவர் மேல இருக்கோ அதுதான் டேப்பட் கவர். அந்த கவர் கீழ எஞ்சினோட சேர்ற கோடு சுத்தி பேப்பரை மெதுவா ஒத்திக்கிட்டே வாங்க, முக்கியமா கைக்கு எட்டாத பின் மூலையில. போன மாசம் இதே மாதிரி ஒரு வண்டி வந்துச்சு, முன்பக்கம் பூரா காஞ்சு சுத்தமா இருந்துச்சு, பின் மூலையில பேப்பரை விட்டு எடுத்தா தேன் கலர்ல ஒரு பொட்டு. அதுக்கு நேர் கீழ சைலன்சர் மேனிஃபோல்டை மூடியிருக்கற தகடு மேல ஒரு ரூபா அளவுக்கு கருப்பா பொருக்கு தட்டி போயிருந்துச்சு, தோசைக்கல் ஓரத்துல எண்ணெய் வழிஞ்சு வருஷக்கணக்கா காஞ்சு போயிருக்குமே, அதே மாதிரி. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் விட்டதும் அந்த பொருக்குலேர்ந்து ஊதுபத்தி புகை மாதிரி மெல்லிசா ஒரு கோடு எழும்புச்சு. அந்த அம்மாவுக்கும் வேற இடத்துல எஞ்சின் வேலைன்னுதான் சொல்லியிருந்தாங்க. கடைசில மாத்துனது கவருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல உக்கார்ற ஒரு ரப்பர் பேக்கிங், அதோட விலை சில நூறு ரூபா.

ஒரு விஷயம் மனசுல வச்சுக்குங்க, ஆயில் கீழ வழியும், காத்து அதை பின்னாடி தள்ளும். அதனால கீழ ஆயில் நிக்கிற சேம்பர் பூரா ஈரமா இருக்குன்னு சேம்பர் பேக்கிங் மாத்துனா காசு தண்டம். எவ்வளவு மேல, எவ்வளவு முன்னாடி ஈரம் ஆரம்பிக்குதோ அங்கதான் லீக். எல்லா இடமும் ஈரமா இருந்து புரியலைன்னா கடையில சொல்லி லேசா கழுவ சொல்லுங்க, ஃபியூஸ் பாக்ஸ், ஆல்டர்னேட்டர் மேல தண்ணியை பீச்ச விடாதீங்க, காஞ்ச பின்னாடி பெல்ட்டு பக்கம் படாம முகத்துக்கு போடற பவுடரை சந்தேகப்படற இடத்துல தூவிட்டு ஒரு 15, 20 கிலோமீட்டர் ஓட்டி பாருங்க, லீக் இருக்கற இடத்துல பவுடர் நனைஞ்சு கோடு விழுந்திருக்கும். அப்புறம் ஆயில் மூடி சரியா இறுகியிருக்கா, ஆயில் ஃபில்டர் சுத்தி ஈரமான்னும் பாருங்க. சமீபத்துல ஆயில் மாத்தி இருந்தாங்கன்னா ஊத்தறப்போ சிந்தினதே சில நாளைக்கு வாடை அடிக்கும்.

பேக்கிங் மாத்தறப்போ ஒண்ணு கவனிக்கணும், இதுல நான் கொஞ்சம் நீட்டி சொல்றேன், பொறுத்துக்குங்க. நம்ம ஊர்ல டியூப்ல வர்ற அந்த சிலிகான் பசையை, அனபாண்ட்னு கேட்டா தருவாங்களே, அதை கவர் சுத்தி கோலம் போடற மாதிரி போட்டு அப்பிடற பழக்கம் நிறைய பேருகிட்ட இருக்கு. பசை நல்ல பொருள்தான், போடற இடம்தான் தப்பு. ரப்பர் பேக்கிங் இருக்கற கவருக்கு அது வேண்டியதில்ல. வெளிய பிதுங்கினது கண்ணுக்கு தெரியும், அதே அளவு உள்ளயும் பிதுங்கி இருக்கும், அது பிச்சுக்கிட்டு ஆயிலோட போய் சேம்பருக்குள்ள ஆயிலை உறிஞ்சற வலையில அடைச்சா எஞ்சினுக்கு ஆயில் போகாது. அப்படி ஆயில் போகாம இறுகி சீஸ் ஆன ஒரு எஞ்சினை நானே பிரிச்சிருக்கேன், வலை பூரா ரப்பர் துணுக்கு. ஆனா ஒரே ஒரு இடத்துல பசை வேணும். டைமிங் செயின் இருக்கற எஞ்சின் பலதுல செயின் கவரும் எஞ்சினோட மேல் பாகமான ஹெட்டும் சேர்ற இடம் டேப்பட் கவருக்கு கீழ ரெண்டு மூலையில வரும், அங்க ரெண்டு உலோகம் சேர்றதால மயிரிழை இடைவெளி இருக்கும், ரப்பர் அதை மூடாது. அந்த ரெண்டு மூலையில மட்டும் ஒரு துவரம்பருப்பு அளவு பசை வைக்கணும், அது மேல ரப்பர் உக்காரணும், கம்பெனி சொல்ற நேரம் காய விடணும். பசையே கூடாதுன்னு நீங்க சொல்லி அதை வைக்காம விட்டாலும் லீக் திரும்ப வரும், அதனால மெக்கானிக்கிட்ட "மூலையில மட்டும்"னு தெளிவா சொல்லுங்க. போல்ட்டையும் பலம் காட்டி இறுக்க விடாதீங்க, இறுக்க இறுக்க லீக் நிக்கும்னு நினைப்பாங்க, ரப்பர் பிதுங்கும், அலுமினியத்துல மரை கழண்டுடும்.

லீக் நிக்க கெட்டி ஆயில் ஊத்தலாம், டப்பா மருந்து ஊத்தலாம்னு சொல்வாங்க. வேண்டாம். வண்டி புத்தகத்துல போட்டிருக்கற கிரேடுதான்.

வேலை முடியற வரைக்கும் வாரம் ஒரு தடவை சமமான தரையில வண்டியை நிறுத்தி, ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சு ஆயில் கம்பியை துடைச்சு விட்டு பாருங்க. கீழ் கோட்டுக்கு மேல இருக்கணும், மீட்டரோட சேத்து ஃபோட்டோ எடுத்து வச்சுக்குங்க. பானெட்டுலேர்ந்து கண்ணுக்கு தெரியற அளவு புகை வந்தா அன்னைக்கு ஓட்டாதீங்க, அந்த கசிவு தீப்பிடிக்கவும் வழி இருக்கு.

பேக்கிங் மாத்த கடைக்கு போறப்போ பிசிவி வால்வையும் கழட்டி பாக்க சொல்லுங்க. விரல் அளவு சின்ன சாமான், எஞ்சினுக்குள்ள சேர்ற வாயுவை மறுபடி எரியறதுக்கு அனுப்பறது அதோட வேலை. அது அடைச்சிருந்தா உள்ள பிரஷர் ஏறி புது பேக்கிங்கையும் தள்ளிடும், ஆறு மாசத்துல நீங்க மறுபடி இதே வாடையோட எனக்கு எழுதுவீங்க. கழட்டி குலுக்கினா உள்ள கடகடன்னு சத்தம் வரணும், பல வண்டில அப்படித்தான், வரலைன்னா மாத்திடுங்க. பழைய பேக்கிங்கை கைல கேட்டு வாங்கி வளைச்சு பாருங்க. அப்பளம் மாதிரி படக்குன்னு உடைஞ்சா நீங்க குடுத்த காசு சரியான இடத்துக்குத்தான் போயிருக்கு.