டிஸ்க் பிரேக் காலிப்பர் ஏன் ஃபோர்க்கின் பின்பக்கம் இருக்கிறது?

மவுண்டன் பைக்கின் சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் காலிப்பர் (டிஸ்க்கைப் பேட்களால் இறுக்கிப் பிடிக்கும் பாகம்) ஏன் ஃபோர்க்கின் இடது காலின் பின்பக்கம் பொருத்தப்படுகிறது, அதை முன்பக்கம் வைத்தால் சக்கரம் கழன்றுவிடும் ஆபத்து குறையும் என்கிறார்களே, அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால் எல்லா ஃபோர்க்குக்கும் அது பொருந்தாது. உங்கள் வண்டியில் இருப்பது லீவரைத் திறந்து சக்கரத்தைக் கழற்றும் குவிக் ரிலீஸா, மூடிய துளைகள் வழியாக அச்சு செல்லும் த்ரூ ஆக்சிலா என்பதைப் பொறுத்தே பதில் மாறும்.

வண்டி முன்னோக்கி உருளும்போது டிஸ்க்கில் அச்சுக்கு முன்னால் உள்ள பகுதி கீழே இறங்குகிறது, பின்னால் உள்ள பகுதி மேலே ஏறுகிறது. நம்பச் சிரமமாக இருந்தால் டிஸ்க்கின் உள் கம்பி ஒன்றில், பேட் படாத இடத்தில், மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, முன்சக்கரத்தைத் தூக்கி டயரைப் பிடித்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். காலிப்பரைக் கடக்கும்போது அந்தப் புள்ளி மேல்நோக்கியே போகும். மேலேறும் அந்தப் பகுதியைப் பேட்கள் பிடித்து நிறுத்தும்போது டிஸ்க்கைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றன. டிஸ்க் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பாகத்தில்) திருகப்பட்டிருப்பதாலும் ஹப்பை அச்சு தாங்குவதாலும் அந்தத் தள்ளல் முழுவதும் அச்சின் வழியாக டிராப்அவுட்டில், அதாவது ஃபோர்க் காலின் அடியில் அச்சு அமரும் இடத்தில், வந்து இறங்குகிறது. குவிக் ரிலீஸ் ஃபோர்க்கில் டிராப்அவுட்டின் வாய் திறந்திருப்பதும் கீழ்நோக்கித்தான். சக்கரத்தைக் கழற்றும்போது அது வெளியே வரும் வழியிலேயே பிரேக்கும் அதைத் தள்ளுகிறது. காலிப்பர் முன்பக்கம் இருந்தால் இதே விசை அச்சை மேல்நோக்கி, டிராப்அவுட்டின் உட்பகுதிக்குள் அழுத்தியிருக்கும்.

விசையின் அளவையும் பார்த்துவிடலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ, சற்று அழுத்தமான பிரேக், அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.6 பங்கு வேகக் குறைப்பு என்று கொண்டால், டயர் தரையில் உரசும் இடத்தில் சுமார் 530 நியூட்டன் விசை வேண்டும். சக்கரத்தின் ஆரம் 350 மி.மீ., ஆனால் 160 மி.மீ. டிஸ்க்கில் பேட் பிடிக்கும் இடம் அச்சிலிருந்து 72 மி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. எனவே பேட் தரவேண்டிய விசை ஏறக்குறைய ஐந்து மடங்காகி 2,600 நியூட்டனை நெருங்குகிறது. டிஸ்க் இடது டிராப்அவுட்டுக்கு மிக அருகில் இருப்பதால் இதில் பெரும்பகுதி இடது பக்கமே விழுகிறது. அந்தப் பக்கம் வண்டியின் எடை அச்சை மேல்நோக்கி அழுத்துவது 440 நியூட்டன் அளவில்தான். அதைக் கழித்த பிறகும், காலிப்பர் அச்சுக்கு நேர் பின்னால் இருப்பதாக வைத்துக்கொண்டால், 1,700 நியூட்டன் அளவுக்குக் கீழ்நோக்கிய விசை மிஞ்சுகிறது. 170 கிலோ எடையை அந்த ஒரு பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். காலிப்பர் சற்று மேலே தள்ளி இருந்தால் இதில் ஒரு பங்கு பின்னோக்கித் திரும்பும், ஆனால் கவலை தீர்ந்துவிடாது. சக்கரப் பிடிப்புக்கான சர்வதேசத் தரச் சோதனை அச்சின் இரு பக்கமும் சமமாகப் பகிர்ந்து மொத்தம் 2,300 நியூட்டன் இழுக்கிறது, அதாவது ஒரு பக்கத்துக்கு 1,150 தான் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பாருங்கள்.

பெரிய டிஸ்க் போட்டால் ஆபத்து கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதே அளவு பிரேக்குக்குப் பெரிய டிஸ்க்கில் பேட் விசை குறைவாகவே தேவைப்படுகிறது என்பதால், அச்சைத் தள்ளும் விசையும் குறைகிறது. (ஆனால் ஃபோர்க் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் அதிகபட்ச டிஸ்க் அளவை மீறக் கூடாது, காலிப்பர் பொருத்தும் இடத்தின் மீது விழும் பளு வேறு கணக்கு.)

எனக்கே இது நேர்ந்திருக்கிறது. குவிக் ரிலீஸ் ஃபோர்க் உள்ள வண்டியில், கற்கள் நிறைந்த ஒரு நீண்ட இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது, பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பேட் தேய்ந்திருக்கும் என்று எண்ணிக் கீழே போய்ச் சேரும் வரை ஓட்டினேன். நிறுத்திப் பார்த்தால் லீவர் மூடியபடியே இருந்தது, ஆனால் விரல் நுனியால் திறக்கும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. சக்கரத்தைக் கழற்றியபோது இடது டிராப்அவுட்டின் பெயிண்ட் அரைவட்டமாகத் தேய்ந்து உலோகம் பளபளவென்று தெரிந்தது. அந்தத் தேய்மானம் கீழே, வாயில் இருக்கும் சிறு விளிம்பு வரை நீண்டிருந்தது. அன்று என் முன்சக்கரத்தைப் பிடித்து வைத்திருந்தது அந்த ஒரு விளிம்பு மட்டுமே. வண்டியை எடுக்கும் முன் லீவரை நான் இறுக்கமாகவே மூடியிருந்தேன் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இறுக்கமாக மூடிய லீவர் எப்படித் தளர்ந்தது? பிரேக் பிடிக்கும்போது அச்சு கீழே தள்ளப்படுகிறது, விட்டதும் வண்டியின் எடை அதை மேலே திருப்புகிறது. பிடிப்புப் பரப்புகளுக்கு இடையே இப்படிக் குறுக்காக நிகழும் நுண்ணிய நழுவல், திருகை யாரும் தொடாமலே கழலச் செய்யும் என்பதை ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனைகள் மூலம் காட்டியிருந்தார். டிஸ்க் பிரேக்கும் திறந்த டிராப்அவுட்டும் சேரும்போது இதே நிலைமை உருவாகிறது என்று 2003-இல் பிரிட்டனைச் சேர்ந்த விஞ்ஞானி ஜேம்ஸ் அன்னான் கணக்குடன் எழுதிய பிறகே இது பரவலாகப் பேசப்பட்டது. குவிக் ரிலீஸ் முறை ரிம் பிரேக் காலத்துக்காக உருவானது. ரிம் பிரேக் விசை சக்கரத்தின் விளிம்பில், டயருக்கு மிக அருகில் செயல்படுவதால் அச்சுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை.

அப்படியானால் ஏன் பின்பக்கம்? பாறையிலோ கிளையிலோ மோதும்போது ஃபோர்க் காலே காலிப்பருக்கு மறைப்பாக நிற்கிறது. ஹைட்ராலிக் குழாயையும் காலின் பின்னால் பாதுகாப்பாகக் கொண்டுசெல்லலாம். மோட்டார் சைக்கிள்களின் வழக்கமும் இதில் சேர்ந்திருக்கிறது: 1970-களில் பல மோட்டார் சைக்கிள்களில் காலின் முன்னால் இருந்த காலிப்பர், கனமான அந்தப் பாகத்தை ஹேண்டில் திரும்பும் அச்சுக்கு அருகே கொண்டுவருவதற்காகப் பின்னால் போனது. அங்கே சக்கர அச்சு மூடிய துளைக்குள் இருப்பதால் எந்தத் தீங்கும் வரவில்லை. சைக்கிளில் டிராப்அவுட் திறந்திருந்தது என்ற வேறுபாட்டுக்கு உரிய கவனம் தரப்படாதது பெரும் பிழை என்றே நான் கருதுகிறேன். இடது பக்கம் என்பதற்குக் காரணம் எளிது: பின்சக்கரத்தில் வலது பக்கம் செயினுக்குப் போய்விடுகிறது, முன்சக்கரமும் அதே வழக்கத்தைப் பின்பற்றுகிறது.

காலிப்பரைப் பின்னால் வைத்தால் பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் அதிகமாக அமுங்கும் என்றும் சிலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. ஒரு குழாய்க்குள் இன்னொன்று நழுவி இயங்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கில் காலிப்பரும் அச்சும் ஒரே கீழ்ப்பகுதியில் இருப்பதால் அவற்றுக்கு இடையிலான தள்ளல் அந்தப் பகுதிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

இன்றைய மவுண்டன் பைக் ஃபோர்க்குகளில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. டவுன்ஹில் ஃபோர்க்குகளில் முன்பே இருந்த 20 மி.மீ. த்ரூ ஆக்சிலைத் தொடர்ந்து, 2009 மாடல்களிலிருந்து ஷிமானோவும் ஃபாக்ஸும் கொண்டுவந்த 15 மி.மீ. ஆக்சில் பொதுவானதாகிவிட்டது. அச்சு மூடிய துளை வழியாகச் செல்லும்போது பிரேக் அதை எந்தப் பக்கம் தள்ளினாலும் வெளியேற வழியில்லை. உங்களிடம் இருப்பது இந்த வகை என்றால் காலிப்பர் எங்கே இருக்கிறது என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஆக்சிலைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கினால் போதும்.

குவிக் ரிலீஸ் ஃபோர்க் என்றால், காலிப்பரை முன்பக்கம் கொண்டுவருவதற்காக ஃபோர்க்கைத் திருப்பிப் போட வேண்டாம். ஃபோர்க்கில் சற்று முன்னால் தள்ளி அமைந்திருக்கும் அச்சு பின்னால் தள்ளிப் போய் ஸ்டியரிங் முற்றிலும் கெட்டுவிடும், டயர் ஃபிரேமில் இடிக்கவும் கூடும். டிராப்அவுட் விளிம்பைச் சக்கரம் சுலபமாகக் கழல வேண்டும் என்று அரத்தால் தேய்த்துவிடவும் வேண்டாம். கேம் (லீவரை மூடும்போது இறுக்கம் தரும் பகுதி) உள்ளே மறைந்திருக்கும் இரும்பு ஸ்கூவரை, அதாவது அச்சின் உள்ளே செல்லும் லீவர் பொருத்திய கம்பியை, வாங்குங்கள். கேம் வெளியே தெரியும் லேசான வகையைவிட அது அதிக உறுதியாகப் பிடிக்கும். வண்டி தரையில் நின்று அச்சு முழுவதும் உள்ளே அமர்ந்திருக்கும் நிலையில், உள்ளங்கையில் தடம் பதியும் அளவுக்கு அழுத்தி லீவரை மூடுங்கள். மூடிய லீவரோ திறந்த லீவரோ டிஸ்க்கில் சிக்காத நிலையில் இருக்க வேண்டும். எதிர்ப்பக்க நட்டிலும் ஃபோர்க்கிலும் சேர்த்து பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள்; நீண்ட இறக்கம் முடியும்போதெல்லாம் அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.