புக்லெட்டில் எழுத்து பொடிப்பொடியாக வருகிறதா? கேள்வி பதில்

ஏ4 தாளை நடுவில் மடித்துப் புத்தகமாக அடிக்கும்போது எழுத்து சிறுத்துப் போகிறது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்து அளவை மாற்றி மாற்றித் தாளை வீணாக்காதீர்கள். முதல் பக்கத்தில் 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, ஒரே ஒரு தாளை அடித்து, ஸ்கேலால் அளந்து பாருங்கள். சுருக்கம் எங்கே நடக்கிறது என்பதை அந்தக் கோடே காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: சார், கும்பாபிஷேக மலருக்குத் தேவாரப் பதிகங்களை வேர்டில் 12 பாயிண்டில் அடித்தேன். திரையில் நன்றாக இருக்கிறது. புக்லெட்டாக எடுத்தால் பெரியவர்களால் படிக்கவே முடியவில்லை.

உங்கள் கோட்டை அளந்தால் 71 மி.மீ. அளவில் வரும். ஏ4 பக்கத்தை (210 × 297 மி.மீ.) அதில் பாதியான ஏ5-க்குள் (148 × 210) அடக்க, பிரிண்டர் அதை 70.7 சதவீதமாகச் சுருக்குகிறது. உங்கள் 12 பாயிண்ட் எழுத்து தாளில் எட்டரை பாயிண்ட்தான். 10 பாயிண்டில் அடித்திருந்தால் ஏழுக்கு வந்துவிடும். தமிழில் இது இன்னும் மோசம்: புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், ண, ன சுழிகள் மையால் அடைபடும். பதிகத்தில் ஒரு புள்ளி தெரியாமல் போனாலும் பாடுபவர் தடுமாறுவார், ஆகவே இதை அப்படியே விடக்கூடாது.

சரியான வழி, ஆவணத்தின் பக்க அளவையே ஏ5 ஆக்குவது. லேஅவுட்டில் சைஸ் என்ற இடத்தில் ஏ5, மார்ஜின் சுற்றிலும் 12 முதல் 15 மி.மீ. அதில் எழுத்தை 13 அல்லது 14 பாயிண்ட் வைத்து வரிகளைச் சரிசெய்து, பிடிஎஃப் ஆக்கி, அடோபி ரீடரில் புக்லெட் என்று கொடுத்து ஏ4 தாளில் அடியுங்கள். இப்போது கோடு 100-ஐ ஒட்டி வரும். பிரிண்டர் ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுவதால் 95, 97 வந்தாலும் பரவாயில்லை.

ஏ4-இலேயே வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், தாளில் வரவேண்டிய அளவை 1.41-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 11 வேண்டுமென்றால் 15.5. மார்ஜினும் சேர்ந்து சுருங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணா, நான் வேர்டில் புக் ஃபோல்ட் போட்டுத்தான் செய்தேன். ஆனாலும் தாளின் ஒரு முகத்தில் நாலு குட்டிப் பக்கங்கள் வருகின்றன.

இரண்டு இடத்தில் புக்லெட் போட்டிருக்கிறீர்கள். புக் ஃபோல்ட் கொடுத்தாலே வேர்ட் பக்கங்களை இரண்டிரண்டாக, மடிக்கிற வரிசையில் அடுக்கிவிடும். அப்புறம் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸிலும் புக்லெட் டிக் ஆகியிருந்தால், அடுக்கியதையே அது மறுபடி அடுக்கிச் சுருக்கும். பிரிண்டரில் இருப்பதை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் அச்சு, குறுகிய ஓரத்தில் திருப்புதல் என்பதை மட்டும் வையுங்கள். பிரிண்டரில் போன வேலையின் அமைப்பு அப்படியே தங்கியிருக்கலாம், அதனால் ஒவ்வொரு முறையும் திறந்து பாருங்கள்.

கேள்வி: லிப்ரேஆபிஸில் புக்லெட்டுக்காகப் புரோஷர் என்று கொடுத்து அடிக்கிறேன். கோடு சரியாக 50 மி.மீ.தான் வருகிறது, தாளில் கீழே பாதி காலி.

தாள் நெட்டுவாக்கில் நிற்கிறது. 210 மி.மீ. அகலத்தில் இரண்டு ஏ4 பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுக்கு 105 மி.மீ.தான் கிடைக்கும், அதனால் சரிபாதியாகச் சுருங்குகிறது. அச்சு அமைப்பில் தாளை லேண்ட்ஸ்கேப் (படுக்கைவாக்கு) ஆக்குங்கள், கோடு 71-க்கு வந்துவிடும். மீதியை முதல் பதிலில் சொன்னபடி ஏ5 ஆக்கிச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: நான் ஆரம்பத்திலிருந்தே ஏ5-இல்தான் செய்தேன், எழுத்து 11. இருந்தும் கோடு 71 வருகிறதே சார்?

ஆவணம் ஏ5 என்பதால் பிரிண்டரும் ஏ5 தாள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு ஏ5 தாளுக்குள் இரண்டு பக்கம் வைத்தால் ஒவ்வொன்றும் ஏ6 ஆகிவிடும், உங்கள் 11 பாயிண்ட் எட்டுக்கும் கீழே போய்விடும். ஆவணம் ஏ5, தாள் ஏ4. இரண்டும் வேறு வேறு இடத்தில் கொடுக்கவேண்டியவை.

கேள்வி: அண்ணா, கோடு 98 வருகிறது. ஆனாலும் போன வருடப் பள்ளி மலரைவிட எழுத்து சின்னதாகத் தெரிகிறது. அதே 11 பாயிண்ட்தான்.

அப்படியானால் பிரிண்டர் மேல் தப்பில்லை, எழுத்துரு மாறியிருக்கும். 11 பாயிண்ட் என்பது எல்லா எழுத்துருவிலும் ஒரே உயரம் கிடையாது. லதா என்ற எழுத்துரு அகலமாக, பெரிதாகத் தெரியும். அதே அளவில் விஜயா என்ற எழுத்துரு நன்றாகவே சிறியது. ஒரே பத்தியை இரண்டிலும் அடித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் படிக்கிற மலர் என்றால் மெல்லிய கோடு உள்ள எழுத்துருவையும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: என் கையில் இருப்பது ஏ4 பிடிஎஃப் மட்டும்தான், மூல ஆவணம் இல்லை. ஏதாவது வழி உண்டா?

இரண்டு வழி. ஒன்று, பக்கத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்டுவது. ஒரு அங்குல மார்ஜின் உள்ள ஏ4 பக்கத்தில் ஓரத்தை வெட்டி, தாளில் 12 மி.மீ. மட்டும் விட்டால் சுருக்கம் சுமார் 75 சதவீதத்தோடு நிற்கும். 12 பாயிண்ட் எழுத்து எட்டரைக்குப் பதில் ஒன்பதாக வரும், அவ்வளவுதான். பெரிய லாபம் இல்லை என்று தெரிந்தே செய்யுங்கள்.

இன்னொன்றுதான் எனக்குப் பிடித்தது. ஏ3 தாள் போடும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஏ3-இல் புக்லெட்டாக எடுங்கள். மடித்தால் ஒவ்வொரு பக்கமும் முழு ஏ4, சுருக்கமே இல்லை. கண் மங்கிய பெரியவர்களுக்கென்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: சார், இப்போது 8 பக்கத்தில் முடிந்துவிடுகிறது. பக்கம் கூடாமல் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியுமா?

முடியாது. தாளில் வரும் எழுத்து எட்டரை பாயிண்டிலிருந்து 11-க்குப் போனால் எழுத்து பிடிக்கும் இடம் ஏறக்குறைய 1.7 மடங்காகும். 8 பக்கம் 13, 14 ஆகும், புக்லெட்டில் நான்கின் மடங்காக இருக்கவேண்டும் என்பதால் 16. அதாவது இரண்டு தாளுக்குப் பதில் நாலு தாள். பிரதிக்கு இரண்டு தாள் செலவை மிச்சம் பிடித்து, யாரும் படிக்க முடியாத புத்தகத்தைக் கையில் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கட்டாயம் குறைக்கத்தான் வேண்டும் என்றால் படங்களைச் சிறிதாக்குங்கள், வாழ்த்துரைகளைச் சுருக்கச் சொல்லுங்கள். எழுத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கேள்வி: எல்லாம் சரியாகிவிட்டது அண்ணா, ஆனால் பின்பக்கம் மட்டும் தலைகீழாக வருகிறது.

நீண்ட ஓரத்தில் திருப்புதல் என்று இருக்கும். குறுகிய ஓரத்துக்கு மாற்றிவிடுங்கள்.