டாக்டருக்குப் படிக்காமல் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகலாமா?

கேள்வி: திருச்சியில் எம்.எஸ்சி. புள்ளியியல் கடைசி வருடம் படிக்கிறேன். கருப்பைவாய்ப் புற்றுநோயில் அத்தையை இழந்ததிலிருந்து இந்த ஆராய்ச்சியில் சேர ஆசை. “டாக்டர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிற வேலைதானே, பேசாமல் வங்கித் தேர்வு எழுது” என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?

பதில்: அத்தையை நினைத்து எடுத்த முடிவு என்பதால் நேராகவே சொல்கிறேன், போங்கள். அப்பாவின் கவலை பொய்யில்லை, ஆரம்ப வேலைகள் பெரும்பாலும் ப்ராஜெக்ட் முடியும்வரைதான், சம்பளமும் சுமார்தான். ஆனால் கணக்குப் போட்டுக் கொடுக்கிற வேலை என்கிறாரே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயில் வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை நீர்க்கத் தடவி, மாற்றம் தெரிகிறதா என்று நர்ஸ்கள் வெறும் கண்ணால் பார்க்கிற பரிசோதனை. 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: பரிசோதனை நடக்காத ஊர்களைவிட, நடந்த ஊர்களில் இந்த நோய் 25 சதவீதமும் அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைவு. தானாக வந்த பெண்களை மட்டும் பார்த்திருந்தால், அவர்கள் ஏற்கெனவே உடம்பில் அக்கறை உள்ளவர்கள்தானே என்று யாரும் தள்ளிவிடலாம். அதனால்தான் ஊராட்சிகளையே குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவில் மட்டும் பரிசோதனை செய்தார்கள். அப்புறம், ஒரே ஊர்ப் பெண்கள் பல விதத்தில் ஒருவரைப்போல ஒருவர் இருப்பார்கள் என்பதால் எத்தனை ஊர் வேண்டும் என்பதைப் புள்ளியியலாளர் முன்கூட்டியே கணக்கிட வேண்டும், இதில் தப்பினால் பிறகு எந்த டாக்டராலும் சரிசெய்ய முடியாது.

நோய் குறைந்ததா என்று சொல்ல, யாருக்கு வந்தது என்று எண்ணுகிற புற்றுநோய்ப் பதிவேடு வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டில் முத்துலட்சுமி, இறப்புப் பதிவில் எம். லட்சுமி, வயதிலும் இரண்டு வருட வித்தியாசம், இருவரும் ஒருவர்தானா? இதற்குப் பதில் தேடி உட்காருகிற பொறுமை உங்களுக்கு இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பிழைப்புக்கால பகுப்பாய்வையும் (நோயாளிகள் எவ்வளவு காலம் உயிர்வாழ்கிறார்கள் என்று கணிப்பது) நோய்ப்பரவியலையும் (நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று ஆராய்வது) நன்றாகப் படியுங்கள், இந்தக் கணக்குகளுக்கான ‘ஆர்’ மென்பொருள் இலவசம்தான். வேலூர் சி.எம்.சி.யில் உயிர்ப்புள்ளியியல் துறை இருக்கிறது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது. அடையாறு புற்றுநோய் நிலையம் 1980களின் தொடக்கத்திலிருந்து பதிவேடு நடத்துகிறது. வங்கித் தேர்வையும் எழுதி வையுங்கள், அப்பா நிம்மதியாக இருப்பார். ஆனால் கடைசி வருட ப்ராஜெக்டை ஒரு பதிவேட்டின் தரவில் செய்யலாமா என்று துறைத்தலைவரிடம் இந்த வாரமே கேளுங்கள், நோயாளிகளின் தரவைப் பயன்படுத்த நெறிமுறைக் குழு தரவேண்டிய அனுமதிக்கே மாதக்கணக்கில் ஆகலாம்.