எக்சர்சைஸ் பண்ணா தசைல சுரக்குற ஹார்மோன் எலும்புக்கு நல்லதா?

வெயிட் தூக்கினா எலும்பு ஸ்ட்ராங் ஆகுறது அந்த அழுத்தத்தால மட்டும்தானான்னு கேட்டிருக்கீங்க, அது மட்டும் இல்லங்க. எக்சர்சைஸ் பண்றப்ப தசைல இருந்து ஐரிசின்னு ஒரு ஹார்மோனும் ரத்தத்துல கலக்குது. 2012ல அமெரிக்க விஞ்ஞானி ப்ரூஸ் ஸ்பீகல்மேன் டீம் கண்டுபிடிச்சு, கிரேக்க தூது தெய்வம் ஐரிஸ் பேரை வெச்சாங்க (தசை எலும்புக்கு தூது விடுது, பொருத்தம்தான்!). 2015ல சுண்டெலிகளுக்கு கம்மி டோஸ்ல வாரம் ஒருதடவை குடுத்துப் பார்த்தப்ப எலும்போட வெளிப்பகுதி கெட்டியாச்சு, ஆனா 2018ல வந்த ஆய்வுல அதே ஐரிசின் எலும்பு செல்கள்ல ஸ்க்லெரோஸ்டினை (எலும்பு உருவாகுறதைத் தடுக்குற ஒரு புரதம்) ஏத்தி எலும்பு கரையவும் வழி பண்ணுதுன்னு தெரிஞ்சதும் ஒரே குழப்பம். பாராதைராய்டு ஹார்மோன் (ரத்தத்துல கால்சியம் அளவைப் பாத்துக்கிற, கழுத்துல சுரக்குற ஹார்மோன்) மாதிரி, விட்டு விட்டு வந்தா எலும்பைக் கட்டும், எந்நேரமும் எகிறி இருந்தா கரைக்கும்னு ஒரு விளக்கம் சொல்றாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது. ஐரிசின் பூஸ்டர்னு மாத்திரை வித்தா மட்டும் காசை விட்டுடாதீங்க, மேல சொன்ன ரெண்டுமே எலி ஆய்வுதான்.