சேற்று ஏற்றத்தில் வழுக்கும் பின் டயர்
சைக்கிளில் சேற்று ஏற்றம் ஏறும்போது பின் டயர் வழுக்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்த 2.4 அங்குல அகல டயரை மாற்றுங்கள். ஒற்றை கியரில் எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் சும்மா சுழல்கிறது என்கிறீர்கள். டயரின் மேல் துருத்தி நிற்கும் நெருக்கமான ரப்பர் பட்டன்களுக்கு நடுவே களிமண் அடைத்துக்கொள்வதுதான் காரணமாக இருக்கும். அடைத்த பிறகு அது மொட்டை டயர்தான். 2.0 அங்குலத்தில், பட்டன்கள் உயரமாகவும் தள்ளித் தள்ளியும் உள்ளதைப் போடுங்கள். சேற்றைக் கிழித்து அடியிலுள்ள கெட்டி மண்ணைப் பிடிக்கும். ஃப்ரேமுக்கும் டயருக்கும் நடுவே சேறு வழிந்துபோக இடமும் கிடைக்கும்.

அடுத்த முறை வழுக்கியதும் இறங்கி டயரைத் தொட்டுப் பாருங்கள். பட்டன்கள் சுத்தமாக இருந்தால் கோளாறு வேறு: உடம்பு முன்னே சாய்ந்து பின் சக்கரத்தில் எடை குறைகிறது. இடுப்பைக் கொஞ்சம் பின்னே தள்ளுங்கள்.

அப்புறம், காற்றைக் குறைத்தாலும் பிடிப்பு கூடும். ஆனால் ட்யூப் போட்டிருந்தால் ரொம்பக் குறைக்காதீர்கள். கல்லில் இடித்தால் ரிம்மில் நசுங்கி இரட்டை ஓட்டை விழும்.