கேட் மூடியிருக்கிறது, அப்புறம் என்ன கேள்வி?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ரயில்வே கேட்கீப்பரைத் திட்டித்தான். மீதியில் பதில் சொல்லக்கூடியவை இவை.

கேட்டை மூடிப் பத்து நிமிஷம் ஆகியும் ரயிலைக் காணோம். எதற்கு இவ்வளவு சீக்கிரம் மூடுகிறார்கள்? (அரக்கோணம் வாசகர்)

இன்டர்லாக் செய்த கேட்டில், கேட்டை இறக்கிப் பூட்டினால்தான் சிக்னல் பச்சைக்கு வரும். பச்சை விழுந்தபின் ரயில் தாண்டும்வரை கேட்கீப்பரே நினைத்தாலும் சாதாரணமாகத் திறக்க முடியாது. ரயில் கண்ணில் பட்டதும் மூடலாம் என்றிருந்தால் ரயில் சிவப்பில் நிற்கும், பின்னால் வருவதும் நிற்கும். உங்கள் பத்து நிமிஷம் இருபதாகும்.

ஒரு ரயில் போன பிறகும் திறப்பதில்லையே?

இரட்டைப் பாதையில் எதிர்ப்பக்கம் இன்னொன்று வருகிறது என்று அர்த்தம். கடைசிப் பெட்டி தாண்டியதும் குனிந்து ஓடுகிறவர்களை அடிப்பது அந்த இரண்டாவது ரயில்தான். முதல் ரயிலின் இரைச்சலில் அதன் ஹாரன் கேட்காது, பெட்டிகள் மறைப்பதால் கண்ணுக்கும் தெரியாது.

ஆள் குறுக்கே வந்தால் டிரைவர் பிரேக் போட மாட்டாரா? (கல்லூரி மாணவர்)

போடுவார். 110 கி.மீ. வேகத்தில் வரும் எக்ஸ்பிரஸ் நிற்கக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் வேண்டும். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 30 மீட்டர் வந்துவிடும். இரும்பின் மேல் இரும்பு உருள்கிறது, லாரி டயர் மாதிரி பிடிக்காது. அவசர பிரேக் போட்ட பிறகு ஹாரனை அழுத்தியபடி பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர லோகோ பைலட்டுக்கு வேறு வழியில்லை. முன்பும் எழுதினேன், மறுபடியும் எழுதுகிறேன்: ரயில் உங்களுக்காக நிற்காது. நிற்க முடியாது.

எங்கள் கேட்கீப்பர் ரொம்பக் கறார். ரயில் அடுத்த ஸ்டேஷனிலிருந்தே கிளம்பவில்லை என்று தெரிந்தும், அவசரம் என்று கெஞ்சினாலும் திறப்பதில்லை. யாரிடம் புகார் செய்வது? (விழுப்புரம் பக்கத்திலிருந்து)

யாரிடமும் வேண்டாம். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

ரயில் கிளம்பவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? கையில் இருக்கும் செயலியா? நாட்டில் எல்லா கேட்டும் இன்னும் இன்டர்லாக் ஆகவில்லை. ஆகாத கேட்டில் பாதுகாப்பு என்பதே ஒரு போன் பேச்சுதான். ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிடுவார், கேட்கீப்பர் மூடிவிட்டு, அதற்கு அத்தாட்சியாக 'பிரைவேட் நம்பர்' என்ற ரகசிய எண்ணைச் சொல்வார், அதை ஸ்டேஷன் மாஸ்டர் எழுதிக்கொண்ட பிறகு ரயிலுக்கு சிக்னல் விழும். அதற்கப்புறம் கேட்டைத் தூக்கினால் தடுக்க எந்த எந்திரமும் இல்லை. சிக்னல் பச்சையாகவே இருக்கும், ரயில் வந்துகொண்டே இருக்கும்.

2025 ஜூலை 8 காலை கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் விழுப்புரம் - மயிலாடுதுறை பயணிகள் ரயில் பள்ளி வேனில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அது இன்டர்லாக் ஆகாத கேட். அதன் பிறகுதான் இன்டர்லாக் செய்வதற்கான போக்குவரத்து அளவு 20,000 டி.வி.யு.விலிருந்து (கேட்டைக் கடக்கும் ரயில்களையும் சாலை வண்டிகளையும் பெருக்கிய கணக்கு) 10,000 ஆகக் குறைந்தது, கேட்டுகளில் கேமரா வைக்க உத்தரவு வந்தது. நல்லதுதான். ஆனால் வெளியே நின்று ஹாரன் அடிக்கிற கூட்டத்துக்கு எந்த உத்தரவும் வரவில்லை. 'அண்ணே, ஒரு நிமிஷம் தூக்கிவிடுங்க' என்று ஆரம்பிப்பார்கள், தூக்காவிட்டால் அவர் குடும்பத்தையே இழுப்பார்கள். தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் எத்தனை பேருக்கு 'முடியாது' சொல்வார்?

இன்னொரு கூட்டம் கெஞ்சுவதுகூட இல்லை. பைக்கைச் சாய்த்து கேட்டின் குறுக்குக் கம்பிக்கு அடியில் நுழைப்பார்கள். ஹேண்டில்பார் மாட்டும், மிர்ரர் திரும்பும், பின்னால் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து வருவார். இப்படி மிச்சம் பிடிப்பது நாலு நிமிஷம், அதையும் அடுத்த டீக்கடையில் செலவழிப்பார்கள். மூடிய கேட்டை நீங்களே திறந்தால் ரயில்வே சட்டம் 160ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, உடைத்தால் 5 ஆண்டு வரை. புகார் எழுதும்முன் அதைப் படியுங்கள்.

கார் தண்டவாளத்து நடுவில் ஆஃப் ஆகிவிட்டால்?

முதலில் எல்லோரும் இறங்குங்கள். பையை எடுக்காதீர்கள். கேட்கீப்பரிடம் சொல்லுங்கள். ரயிலை நிறுத்த அவரிடம் சிவப்புக் கொடி, விளக்கு, தண்டவாளத்தில் வைக்கும் வெடி எல்லாம் உண்டு. வண்டியைத் தள்ளுவது அதற்குப் பிறகு. ரயில் தெரிந்துவிட்டதா? பாதையை விட்டு விலகி, ரயில் வரும் திசைப் பக்கமாகச் சாய்வாக ஓடுங்கள். மோதிய கார் ரயில் போகும் திசையில்தான் சிதறும். இந்த நிலைமையே வராமலிருக்க, மறுபக்கம் உங்கள் வண்டிக்கு இடம் இருந்தால் மட்டும் ஏறுங்கள், நடுவில் கியர் மாற்றாதீர்கள்.

தண்டவாளத்திலிருந்து எத்தனை அடி தள்ளி நடந்தால் பாதுகாப்பு? இங்கே எல்லோரும் அப்படித்தான் போகிறோம்.

எந்த ஊர், எந்தப் பாதை என்று எழுதாமல் அடிக்கணக்கு கேட்டால் எப்படி? தண்டவாள இடைவெளி சுமார் 1.7 மீட்டர், பெட்டியின் அகலம் சுமார் 3.25 மீட்டர். அதாவது ஒவ்வொரு பக்கமும் முக்கால் மீட்டர் வெளியே வரும். அப்புறம் படி, காற்று, தொங்குகிறவர்களின் கால். அங்கே நடப்பதே 147ஆம் பிரிவில் குற்றம். மேம்பாலத்தில் ஏறுங்கள்.

காதில் ஹெட்செட் ஒரு பக்கம் மட்டும் போட்டுக் கடக்கலாமா?

கழற்றுங்கள்.

நிற்கும் சரக்கு வண்டி மேல் ஏறி என் பையன் செல்ஃபி எடுக்கிறான். ஓடாத வண்டிதானே?

வண்டி ஓடவில்லை, மேலே மின்சாரம் ஓடுகிறது. 25,000 வோல்ட். கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே பாயும். இதைக் கடிதத்தில் கேட்காமல் அவனை முதலில் இறக்கியிருக்கலாம்.

கேட்டை மூடிவிட்டு சுரங்கப்பாதை கட்டினார்கள். மழை பெய்தால் தண்ணீர். மெதுவாக ஓட்டினால் போய்விடலாமா? (புதுக்கோட்டை)

புதுக்கோட்டைக்காரர் நீங்களே இதைக் கேட்கலாமா? 2021 செப்டம்பரில் உங்கள் மாவட்டத்துத் துடையூர் சுரங்கப்பாதையில் காரோடு சிக்கி ஒரு பெண் மருத்துவர் இறந்தார். தண்ணீரின் ஆழம் மேலிருந்து தெரியாது. சுற்றிப் போங்கள்.

படியில் நிற்கும்போது போன் கீழே விழுந்தது. சங்கிலியை இழுத்தேன், அபராதம் போட்டார்கள். நியாயமா?

நியாயம்தான். குதிக்காமல் இருந்தீர்களே, அதுவரை சரி. அடுத்த முறை, விழுந்த இடத்தருகே மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். மேலே கிலோமீட்டர், கீழே கம்பத்தின் வரிசை எண். ரயில் எண்ணோடு அதையும் ரயில்வே உதவி எண் 139க்குச் சொன்னால் ரயில்வே பாதுகாப்புப் படையினர் தேட ஒரு இடமாவது கிடைக்கும். ஆமாம், படியில் ஏன் நின்றீர்கள்?